புதுச் சவரக்கத்தி: எஃகின் பெயரைப் பார்ப்பதா, முதுகை அளப்பதா?

ஜூன் 2, காலை (கேட்டவர்)

புதிதாகச் செய்து விற்கும் சவரக்கத்தி ஒன்று வாங்கப் போகிறேன். பிளேடு மாற்றுகிற வகை வேண்டாம். கல்லிலும் தோல் வாரிலும் தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திதான் வேண்டும். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: 5/8 அங்குல அகலம், முழுக்குழி (இரு பக்கமும் ஆழமாகக் கடைந்தது), கார்பன் எஃகு, உருண்டை நுனி, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி.
இரண்டு: 7/8, ஆப்பு வடிவம், டமாஸ்கஸ் வரி, கூர்நுனி, கொம்புப் பிடி.
மூன்று: 6/8, அரைக்குழி, ஸ்டெயின்லெஸ், உருண்டை நுனி, மரப்பிடி.

கத்திக்கு எஃகுதான் எல்லாம் என்பது என் கணக்கு. டமாஸ்கஸ் உசத்தி, அதனால் இரண்டாவது. மூன்றிலுமே "சவரத்துக்குத் தயார்" என்று போட்டிருக்கிறது. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

இரண்டாவதை விட்டுவிடுங்கள். டமாஸ்கஸில் செய்ததாலேயே அது கெட்ட கத்தி ஆகிவிடாது. ஆனால் நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் காரணம் சவரத்தில் எந்த வேலையும் செய்வதில்லை.

சமையல் கத்தியைத் தீட்டும்போது எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது தீட்டுகிறவர் கையில் இருக்கிறது. சவரக்கத்தி அப்படி இல்லை. முதுகும் கூர் விளிம்பும் இரண்டுமே கல்லில் படும்படி படுக்கவைத்துத்தான் தீட்ட வேண்டும். ஆகவே கூரின் கோணத்தை முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. கத்தி செய்தவர் அதில் பிசகினால் நீங்கள் எவ்வளவு நல்ல கல் வாங்கினாலும் சரிக்கட்டுவது பெரும்பாடு. முதுகு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், கூரும் ஒரு பக்கம் மொண்ணையாகவும் மறுபக்கம் காகிதம் போலவும்தான் வரும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று எண்கள். குதிகால் பக்கம் (அலகில் பிடியை ஒட்டிய கோடி), நடு, நுனி என மூன்று இடத்தில் முதுகின் தடிப்பு, வெர்னியரில் அளந்து, மில்லிமீட்டரில். நேர்விளிம்புக் கத்தியில் மூன்றுக்கும் வேறுபாடு 0.1-க்குள் இருந்தால் நல்ல வேலை. 0.2 வரை சமாளிக்கலாம். 0.3-ஐத் தாண்டினால் வேண்டாம்.

அடுத்து, தடிப்பை அகலத்தால் வகுங்கள். விடை நாலில் ஒரு பங்குக்கு மேலாகவும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழாகவும் வர வேண்டும். கோணத்தில் சொன்னால் ஏறக்குறைய 14.5 முதல் 19 டிகிரி. அதற்கும் கீழே போனால் கூர் மடங்கும், பொடிப்பொடியாக உதிரும். மேலே போனால் தாடியை வெட்டாமல் பிய்க்கும்.

எஃகைப் பற்றி நாளை.

ஜூன் 3

எஃகு. கார்பன் எஃகுக் கத்திகளில் கரி (கார்பன்) 1 சதவீதத்தை ஒட்டி, சிலவற்றில் 1.2, 1.3 வரை இருக்கும். கடினம் ராக்வெல் சி அளவில் 60 முதல் 62. இந்த எல்லைக்குள் வரும் எந்த எஃகும் சவரத்துக்குப் போதும். பெயரைவிட அதைச் சூடாக்கி, குளிர்வித்து, பதம் இறக்கியவிதம்தான் பேசும். மெருகேற்றும் சக்கரத்தில் அலகு நீலம் பாயும் அளவுக்குச் சூடாகியிருந்தால், அதாவது 300 டிகிரி செல்சியஸை ஒட்டி, அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று பொருள். உலகத்திலேயே சிறந்த எஃகாக இருந்தாலும் அங்கே கூர் நிற்காது. விளிம்பை ஒட்டி வானவில் நிறமோ நீலப் புள்ளியோ தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

டமாஸ்கஸ்: இரண்டு எஃகுகளை அடுக்கி, அடித்து ஒட்டவைத்தது. ஒட்டும் சூட்டிலேயே கரி அடுக்குக்கு அடுக்கு பரவிவிடும். வரி கண்ணுக்கு அழகு. கூருக்கு அதனால் கூடுதல் எதுவும் இல்லை. அபாயம் ஒன்று உண்டு. ஒட்டுச் சரியில்லாத இடமோ கசடு சிக்கிய இடமோ சரியாகக் கூரில் வந்து விழுந்தால், எத்தனை முறை தீட்டினாலும் அதே இடத்தில் பொக்கை விழும். நேர்த்தியாகச் செய்கிற கொல்லர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வெறும் வரியை அமிலத்தில் பொறித்து டமாஸ்கஸ் என்று விற்பதும் நடக்கிறது. முதுகின் மேலேயும் வால் (பிடிக்கு வெளியே நீளும் முனை) வரையிலும் வரி அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் இருந்தால் அது பூச்சு வேலை.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

ஊர்ப் பெயர் பற்றியும் கேட்பீர்கள். "ஸோலிங்கன்" என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. முக்கியமான வேலைகள் அந்தத் தொழிற்பகுதிக்குள் முடிந்திருந்தால்தான் பொறிக்கலாம். பிரான்சில் தியேர், ஜப்பானில் செகி, இவையும் பேர்போன கத்தி ஊர்கள். அந்த முத்திரை எங்கே செய்தது என்று சொல்லும், கடைசியில் கல்லில் போட்டது யார் என்று சொல்லாது.

ஜூன் 4 (இன்னொருவர்)

ஜூன் 2 கணக்கில் ஒரு பிழை. அகலம் என்று விளம்பரத்தில் போடும் 5/8 அங்குலம் முதுகின் உச்சியிலிருந்து கூர் வரை. கல்லில் படுவது முதுகின் உச்சி இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, இரு பக்கமும் பிதுங்கி நிற்கும் இடம். அங்கிருந்து கூர் வரைதான் அகலம். தடிப்பையும் அங்கேதான் அளக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: 5/8 என்றால் 15.9 மி.மீ. தடிப்பு 4.2 என்று வையுங்கள். 15.9-ஆல் வகுத்தால் 0.264, கோணம் சுமார் 15 டிகிரி. ஆனால் கல்லில் படும் இடத்திலிருந்து கூர் வரை 14 மி.மீ.தான் என்றால் 0.30, கோணம் 17-க்கு மேல். இரண்டு டிகிரி பிசகு. கத்தி நல்லதா கெட்டதா என்பதையே அது மாற்றிவிடும்.

ஜூன் 4, மாலை

ஒப்புக்கொள்கிறேன், அவர் சொல்வதுதான் சரி. நான் எழுதிய நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற எல்லை அப்படியே நிற்கிறது. அளக்கும் இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். உருண்டையான முதுகுள்ள கத்தியில் எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால், முதுகின் பக்கவாட்டில் மார்க்கர் மையைப் பூசி, கண்ணாடி மேல் ஒட்டிய நுண் உப்புத்தாளில் ஒரே ஒரு இழுப்பு. மை அழிந்த கோடுதான் படும் இடம். புதுக் கத்தியை விற்பவர் அப்படிச் செய்ய ஒப்ப மாட்டார், அதனால் வாங்கிய பிறகுதான் முடியும். வாங்கும் முன் பக்கவாட்டுப் படத்திலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

ஆப்பு வடிவம் தனிக் கதை. கொஞ்சமும் குழியில்லாத முழு ஆப்பாக இருந்தால் பக்கம் முழுக்கக் கல்லில் படும். தீட்ட நேரம் பிடிக்கும், பக்கத்தின் மெருகும் போகும். முதல் கத்தியாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 5 (கேட்டவர்)

கேட்டு வாங்கினேன். குதிகால், நடு, நுனி என்ற வரிசையில் தடிப்பு. பிறகு படும் இடத்திலிருந்து அகலம்.

முதலாவது: 4.3, 4.3, 4.2, அகலம் 14.5.
இரண்டாவது: 7.2, 6.8, 6.6, அகலம் 20.2.
மூன்றாவது: 4.4, 4.4, 4.4, அகலம் 17.2.

மூன்றாவது ஒரே சீராக இருக்கிறது. அப்போது அதுதானே?

ஜூன் 5, இரவு

முதலாவது 0.297. பதினேழு டிகிரி. நடுநாயகமான கணக்கு.

இரண்டாவது நடுவில் 0.337, அதாவது 19-க்கு மேல். போதாக்குறைக்கு குதிகாலுக்கும் நுனிக்கும் 0.6 வேறுபாடு. அகலமும் அதே விகிதத்தில் நுனிப் பக்கம் குறுகினால் மன்னிக்கலாம், கோணம் மாறாது. படத்தில் அகலம் மாறுவதாகத் தெரியவில்லை. அதோடு முடிந்தது.

மூன்றாவதின் வேலைப்பாடு மூன்றிலும் சுத்தம். ஆனால் 0.256, சுமார் 14.7 டிகிரி. முதுகு மெலிவு. தீட்டும்போது முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பக்கத்துக்கு 0.15 மி.மீ. ஏறும், மொத்தம் 4.7, கோணம் ஒரு டிகிரி கூடி 15.7. தாராளமாகப் போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருமுறை டேப்போடு தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் கல்லில் போட்டால் கூர் கல்லைத் தொடவே தொடாது. கூருக்குப் பின்னால் மட்டும் தேயும். "எவ்வளவு தீட்டியும் ஏறவில்லை" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

ஜூன் 6 (இன்னொருவர்)

ஈரமான குளியலறையில் வைப்பதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ்தான் என்று நினைக்கிறேன். கார்பன் எஃகு ஒரே இரவில் புள்ளி விழும்.

ஜூன் 6, மதியம்

குளியலறையில் எதையும் வைக்கக் கூடாது என்பதே என் பதில். ஆனாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சவரக்கத்திக்குப் போடும் நல்ல ஸ்டெயின்லெஸில் குரோமியம் 13 சதவீதம், கரி 0.65-ஐ ஒட்டி. பிளேடு தயாரிக்கும் எஃகு இந்த இனம்தான். நுண்ணிய கூர் பிடிக்கும், நீண்ட நாள் தாங்கும். கல்லில் கொஞ்சம் வழுக்கும், கார்பனைவிட அதிக இழுப்பு கேட்கும். பிசிறும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

"சர்ஜிகல் ஸ்டீல்" என்று மட்டும் எழுதியிருந்தால் விலகுங்கள். அது எந்த எஃகையும் குறிப்பதில்லை. எஃகின் பெயரும் கடின அளவும் சொல்ல முடியாதவரிடம் தடிப்பு அளவையும் எதிர்பார்க்க முடியாது.

ஜூன் 7

குழி பற்றிச் சொல்லாமல் விட்டேன். முழுக்குழி என்றால் அலகின் இரு பக்கமும் ஆழமாகக் கடைந்து, கூரை ஒட்டி மிக மெல்லிதாக விட்டிருப்பார்கள். தாடியில் ஓடும்போது சன்னமாக ஒலிக்கும். அந்த ஒலி பயனுள்ளது: கோணம் நிமிர்ந்தால் ஒலி கரகரக்கும், கைக்கு முன் காது சொல்லிவிடும். ஆனால் அழுத்தினால் வளையும், வாரில் தவறாகத் திருப்பினால் கூர் உடனே மடங்கும். அரைக்குழி, கால்குழி விறைப்பாக நிற்கும். முரட்டுத் தாடியில் துள்ளாது.

அகலத்தில் 5/8-உம் 6/8-உம் கைக்கு அடங்கும். 4/8 மூக்கடியில் எளிது, நுரையைத் தாங்காது. 7/8-க்கு மேல் எடையே வேலை செய்யும், ஆனால் மேலுதட்டில் எதிரே எதுவும் தெரியாது.

நுனி உருண்டையாகவே இருக்கட்டும். கூர்நுனிக் கத்தி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், நுனியின் மூலையை மட்டும் நுண்கல்லில் நிறுத்தி இரண்டு மூன்று முறை தடவினால் குத்தும் குணம் போய்விடும். வடிவம் மாறாது.

இடக்கைக்காரர்களுக்கு: இருபுறமும் ஒரே மாதிரி கடைந்த மேற்கத்திய வடிவம் எந்தக் கைக்கும் பொருந்தும். ஜப்பானியச் சவரக்கத்தியான கமிசோரி வேறு, அதன் இரு முகமும் ஒன்றல்ல. மரபாக ஒரு முகத்தை மட்டும் சருமத்தின் பக்கம் வைப்பார்கள்.

ஜூன் 7, இரவு

பிடியைப் பற்றி அதிகம் இல்லை. பிளாஸ்டிக்கோ, பிசினில் ஊறிய துணிப்பலகையோ இருந்தால் கவலையே இல்லை. மரம் தண்ணீர் குடித்து வீங்கும். கொம்பு வறட்சியில் முறுக்கும். செல்லுலாய்டு மட்டும் வேண்டாம்; பழசாகும்போது அதிலிருந்து வரும் ஆவி அலகை அரிக்கும். மூடினால் அலகு இரு பலகைக்கும் நடுவில் விழ வேண்டும். பிடியைத் தொட்டுக்கொண்டு மூடினால் மூடும்போதே கூர் போகும். ஆணி தளர்ந்திருந்தால் சின்னச் சுத்தியலால் ஆணித் தலையில் இருபுறமும் மூன்று நான்கு மெல்லிய தட்டு. ஒரேயடியாக இறுக்கினால் தளர்த்த வழியில்லை.

ஜூன் 9 (கேட்டவர்)

முதலாவதைச் சொல்லியாயிற்று. "சவரத்துக்குத் தயார்" என்பதை நம்பலாமா? அப்படியே முகத்தில் வைக்கலாமா?

ஜூன் 9

அது கத்தியின் குணம் இல்லை. கடைசியாகத் தீட்டியவரின் வேலை. பட்டறையில் சக்கரத்தில் கூர் எடுத்துத் தோலில் தேய்த்து அனுப்புவதையும் சிலர் தயார் என்கிறார்கள். கையால் கல்லில் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கல்லில் முடித்தீர்கள் என்று கேளுங்கள். 8000, 12000 என்று கல்லின் நுண்மை எண்ணோ (எண் கூடக் கூட நுண்மை கூடும்), பெல்ஜியத்து இயற்கைக் கல்லான கோட்டிக்யூல் என்றோ பதில் வந்தால் நம்பலாம்.

வந்ததும் வாரில் போடாதீர்கள். நன்றாகத் தீட்டி அனுப்பியிருந்தால் பழகாத கை முதல் நாளே அதை மடக்கிவிடும். பிறகு குறை கத்தியிலா கையிலா என்று பிரிக்க முடியாது. முதலில் கன்னம் மட்டும், முடி சாயும் திசையில், தோலை மறு கையால் இழுத்துப் பிடித்து. அலகுக்கும் சருமத்துக்கும் 30 டிகிரி என்பார்கள். கண்ணாடி பார்த்து அளக்க முடியாது, முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே முதுகின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமே கூடாது. முடி அறுந்து சருமம் எரியாவிட்டால் தயார். கண்ணில் நீர் வரும்படி இழுத்தால் தயாரில்லை.

தொங்கும் முடியை வெட்டிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். முடியின் தடிப்பு, ஈரம், பிடிக்கும் தூரம் எல்லாம் விடையை மாற்றும். கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்ப்பது முழுக்குழிக் கத்தியின் கூரைக் கெடுக்கும்.

ஜூன் 14 (கேட்டவர்)

வந்துவிட்டது. குதிகாலும் நடுவும் அருமையாக வெட்டுகின்றன. நுனியில் ஏறக்குறைய 8 மி.மீ. மட்டும் பிய்க்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஜூன் 14, இரவு

இல்லை. கண்ணாடிப் பலகையில் முதுகும் கூரும் படப் படுக்கவைத்து, அழுத்தாமல், பின்னால் விளக்கை வையுங்கள். ஒரு பக்கம் படுக்கும்போது நுனியில் மட்டும் ஒளி கசிகிறதா? திருப்பிப் போட்டால் நடுவில் கசிகிறதா? அப்படியானால் அலகு மயிரிழை வளைந்திருக்கிறது. எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும்போது மெல்லிய அலகு இப்படிக் கொஞ்சம் முறுக்குவது உண்டு. முதுகின் தடிப்பை அளந்தால் இது தெரியாது. ஜூன் 2-இல் இந்தச் சோதனையையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

இரு பக்கமும் நுனியில் கசிந்தால் வளைவில்லை, நுனி சற்று மேலேறிய புன்னகை விளிம்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

ஜூன் 15 (கேட்டவர்)

ஒரு பக்கம் நுனியில், மறுபக்கம் நடுவில். மயிரிழைதான்.

ஜூன் 15

அப்போது வளைவு. திருப்பி அனுப்பும் அளவில்லை. கூரின் இரு சரிவிலும் மார்க்கர் மை பூசுங்கள். எண் 8000 கல், தட்டையாக்கியது. தட்டையா என்று பார்க்க, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சமதளத் தட்டில் தேய்த்து, கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழிகின்றனவா பாருங்கள்.

முதலில் கூர் முன்னால் போகும்படி நேராக ஒரு இழுப்பு, கத்தியின் எடை மட்டும். நுனியில் மை அப்படியே இருக்கும், அதுதான் பிய்க்கும் இடம். இனி குறுக்கிழுப்பு: குதிகாலில் தொடங்கி, கல்லின் மறுகோடியை அடையும்போது நுனி மட்டும் கல்லில் இருக்கும்படி சாய்வாக. போகப் போகக் கையை இம்மி உயர்த்தி, தொடும் இடம் குதிகாலிலிருந்து நுனிக்கு நகர வேண்டும். அகலமான கல்லில் இது வராது, ஒடுக்கமான கல்லோ கல்லின் ஓரமோ நல்லது. பக்கத்துக்குப் பத்து, மை போட்டுப் பாருங்கள். நுனி வரை அழிந்ததும் நிறுத்தி 12000-இல் பக்கத்துக்குப் பதினைந்து.

1000 கல்லுக்கு இறங்க வேண்டாம். நடுவிலும் குதிகாலிலும் இரு சரிவும் ஏற்கெனவே கூரில் சேர்ந்திருக்கின்றன. அங்கே உலோகத்தை எடுத்து வீணாக்க வேண்டியதில்லை. 8000-இல் ஐம்பது இழுத்தும் நுனி சேரவில்லை என்றால் மட்டும் 4000.

குதிகாலில் அலகும் கழுத்தும் சேரும் தடித்த பகுதி கல்லில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் கூர் கல்லை விட்டுத் தூக்கும். மலிவான புதுக் கத்திகளில் அந்தத் தடிப்பு கூருக்கு மிக அருகில் வந்து நிற்கும். அதைத் தேய்த்துப் பின்தள்ளாமல் தீட்டவே முடியாது. உங்களுடையதில் தள்ளியே இருக்கிறது, குதிகாலில் கல்லின் ஓரத்தை அரை அங்குலம் விட்டுத் தொடங்கினால் போதும்.

ஜூன் 18 (கேட்டவர்)

8000-இல் முப்பது ஆயிற்று, மை நுனி வரை அழிந்தது. இப்போது பிய்க்கவில்லை. வார் எப்போது?

ஜூன் 18

இனி ஒவ்வொரு சவரத்துக்கும் முன். துணியில் இருபது முப்பது, தோலில் ஐம்பது. முதுகு முன்னால், கூர் பின்னால். கோடியில் திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும். கூரின் மேல் உருட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. வார் தொய்ந்தால் கூரைச் சுற்றி மடங்கி அதை மொண்ணையாக்கும், அதனால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். மூன்று அங்குல அகல வாரில் அலகு முழுதும் அடங்கும். ஒடுக்கமானதில் வாரிலும் குறுக்கிழுப்புதான். முதல் வாரம் வேகம் வேண்டாம், ஓர் இழுப்புக்கு ஒரு நொடி. முதல் வாரில் இரண்டு மூன்று வெட்டு விழாமல் போகாது. சிறு வெட்டை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யலாம். விலையுயர்ந்த தோலைப் பிறகு வாங்குங்கள்.

பச்சைக் குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி, 0.5 மைக்ரான், தனித் துணியில் மட்டும். தினசரி வாரில் பூசினால் எடுக்க முடியாது. கூர் மந்தமாகும்போது பத்து இழுப்பு. அடிக்கடி போட்டால் சரிவு உருண்டு, பிறகு கல் கூரைத் தொடாது. ஜூன் 5-இல் டேப் பற்றிச் சொன்ன அதே கோளாறு.

ஜூன் 18, பின்னிரவு

சவரம் முடிந்ததும் கழுவி, முதுகிலிருந்து கூரை நோக்கித் துணியால் ஒற்றி, வாரில் உலர்ந்த அலகை ஐந்தாறு முறை இழுத்தால் கூரிலிருக்கும் ஈரம் போகும். துரு முதலில் பிடிப்பது கூரில்கூட இல்லை, ஆணிக்குள். அங்கே மெல்லிய டிஷ்யூவை மடித்து நுழைத்து ஈரத்தை இழுங்கள், ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விடுங்கள். அரைமணி நேரமாவது திறந்தே வைத்துவிட்டு மூடுங்கள்.